ஸ்விஃப்ட் ஸ்போர்ட்ட சுகுபால போட்டு வாங்குறேன்: டர்போவ கடைசியா வாங்குங்கப்பா

முன்சக்கரம் (ராயபுரம்)
கிரான் டூரிஸ்மோ 7ல (ஜிடி7, ப்ளேஸ்டேஷன் கார் ரேஸ் கேம்) சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 2017 மாடல் இருக்குல்ல, அத எடுத்து ஒவ்வொரு பார்ட்டா மாத்தி ஜப்பான்ல இருக்குற சுகுபா டிராக்ல ஓட்டிப் பாத்துகினு இருக்கேன். நம்ம ஜிஏ ரோட்ல ஓடுற ஸ்விஃப்ட் இல்லபா இது. 1.4 லிட்டர் டர்போ, 140 பிஎஸ், 230 என்எம் டார்க், மேனுவல் கியர் வண்டியோட வெயிட்டு வெறும் 970 கிலோ தான். இந்தியாவுல விக்கவே இல்ல, அதனாலயே நம்ம பசங்களுக்கு இது மேல ஒரு ஏக்கம், கேம்லயாவது ஓட்டிக்கலாம்.

சுகுபா ஏன்னு கேட்டா, டிராக் மொத்தமே 2.045 கிலோமீட்டர் தான், ஒரு ரவுண்டு ஒரு நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல, ஒன்ன மாத்துனா உடனே என்னாச்சுன்னு தெரிஞ்சிடும். ரெண்டு ஹேர்பின் (யூ மாதிரி சுருக்குன்னு திரும்புற வளைவு), ஒரு நல்ல ஸ்ட்ரெய்ட்டு, கடைசில நீளமா ஒரு ரைட் கார்னர். முன்னாடி வீல் இழுக்குற வண்டிக்கு இன்னா இன்னா நோவு உண்டோ எல்லாத்தையும் இந்த ஒரு டிராக்கே காட்டிக் குடுத்துடும்.

டெஸ்ட் பண்ற விதம்: ஸ்போர்ட்ஸ் ஹார்டு டயர், டயர் தேய்மானம் ஆஃப், டிராக்ஷன் கண்ட்ரோல் ஆஃப், ஏபிஎஸ் மட்டும் டீஃபால்ட்டு. மொத ரெண்டு ரவுண்டு கணக்குல இல்ல. அப்பால பெஸ்ட் லேப்ப பாக்க மாட்டேன், திரும்பத் திரும்ப எந்த டைம் வருதோ அத தான் எடுத்துப்பேன். ஒரு தடவைக்கு ஒரு பார்ட்டு தான் மாத்துறது.

இப்ப விஷயத்துக்கு வரேன். எல்லாரும் பண்ற மாதிரி மொத வேலையா டர்போ தான் போட்டேன், லோ ஆர்பிஎம் டர்போ. ஸ்ட்ரெய்ட்ல சும்மா பிச்சுகினு போவுது, ஆனா லேப் டைம் பாத்தா பெரிசா ஒன்னும் குறையல. ரெண்டாவது ஹேர்பின் ரைட்ல திரும்புது, அங்க இருந்து வெளிய வரும்போது ஆக்ஸிலேட்டர் குடுத்தா உள்பக்கம் இருக்குற ரைட் சைடு முன் சக்கரம் சும்மா சுத்துது, வண்டி வெளிப்பக்கமா இஸ்துகினு போவுது. டர்போவ கழட்டி வெச்சிட்டு, ஃபுல் கஸ்டமைஸ் எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் தனியா சுத்தாம ரெண்டுக்கும் பவர் போவ வெக்குற டிஃபரன்ஷியல்), சஸ்பென்ஷன் (அதுல பின் ஆன்டி ரோல் பார், அதாவது திரும்பும்போது வண்டி சாயாம புடிக்குற கம்பிய, டைட்டு பண்ணேன்), வெயிட்டு குறைப்பு மொத ரெண்டு ஸ்டேஜ், இவ்ளோ தான் போட்டேன். ஸ்டாக் பவர்லயே ஒரு செகண்டுக்கு மேல கம்மியாயிடுச்சி. அதனால நான் சொல்றது, எஃப்டபிள்யூடி (முன் சக்கரம் இழுக்குற) ஹாட் ஹாட்ச்ல, அதாவது பவரான சின்ன கார்ல, டர்போ தான் கடைசி செலவு. உங்க அனுபவம் இன்னா?

டர்போ_பையன் (கொடுங்கையூர்)
தல இன்னா தல இது, பவர் இல்லாத வண்டி ஒரு வண்டியா?? நான் ஹை ஆர்பிஎம் டர்போ, ரேசிங் எக்ஸாஸ்ட்டு, ஃபுல் ஈசியூ, ரேசிங் சாஃப்ட் டயர் எல்லாம் ஏத்திட்டு ஓட்டுறேன், உன் டைம விட பல செகண்டு கம்மி. இன்னா சொல்ற அதுக்கு

முன்சக்கரம்
ரேசிங் சாஃப்ட் போட்டா தள்ளுவண்டி கூட ஒட்டிகினு திரும்பும் தம்பி. டயர் எல்லாத்தையும் மறைச்சிடும், வண்டிக்கு இன்னா கொறைன்னே தெரியாது. அப்பால பிபி (பர்ஃபார்மன்ஸ் பாயிண்ட்டு, வண்டி எவ்ளோ ஃபாஸ்ட்டுன்னு கேம் போடுற மார்க்கு) எவ்ளோ ஆச்சின்னு பாத்தியா? ஆன்லைன் ரூம்ல பிபி லிமிட் வெச்சிருப்பான், டயருக்கும் பவருக்கும் தான் பிபி கன்னாபின்னான்னு ஏறும். எல்எஸ்டிக்கும் ஆன்டி ரோல் பாருக்கும் ஒன்னும் பெருசா ஏறாது. லிமிட்டுக்குள்ள ஓட்டுனா ஃப்ரீயா கெடைக்குற டைம் அங்க தான் கெடக்கு.

மூலக்கடை_அலைன்மெண்ட் (மூலக்கடை)
நான் கேம்ல வீக்கு, பையன் ஆடும்போது பக்கத்துல குந்தி பாப்பேன். ஆனா நெஜ வண்டிக்கு அலைன்மெண்ட் பாக்குறது தான் நம்ம பொழப்பு, அதனால சொல்றேன்.

முன் சக்கரத்துக்கு மூணு வேலை தம்பிங்களா. வண்டிய இழுக்கணும், திருப்பணும், பிரேக்கடிச்சா முக்காவாசி பாரத்த அது தான் தாங்கணும். பின் சக்கரம் சும்மா கூட வருது. டயருக்கு இருக்குற பிடிப்பு ஒரு அளவு தான், அத திரும்புறதுக்கே முழுசா செலவு பண்ணிட்டா இழுக்குறதுக்கு ஒன்னும் மிச்சம் இருக்காது. இதுல இன்னொரு கூத்து, ஆக்ஸிலேட்டர அமுக்குனா வண்டி பாரம் பின்னாடி சாயும், அதாவது இழுக்க வேண்டிய சக்கரம் மேலயே பாரம் குறையும். பவர் ஏத்த ஏத்த இது மோசமாத் தான் ஆவும். பின்னாடி இழுக்குற வண்டிக்கு இது அப்படியே உல்ட்டா, அங்க பாரம் சாய்றது உதவி.

பிரேக் அடிச்சா என்ன ஆவும்னா, மீன்பாடி வண்டில முன்னாடி ஐஸ் பொட்டி ஏத்திகினு வந்து சடனா நிறுத்துனா பின் சக்கரம் தூக்கிக்கும்ல, அது தான். பின்பக்கம் லேசாவும், அந்த நேரத்துல ஸ்டியரிங் திருப்புனா வண்டி சுருக்குன்னு திரும்பும். இத உபயோகப்படுத்திக்க தெரிஞ்சவன் தான் இந்த மாதிரி வண்டிய ஓட்டுவான். நீ பின் ஆன்டி ரோல் பார டைட்டு பண்ணதும் அதுக்குத் தானே?

முன்சக்கரம்
அதே தாண்ணா. முன்னாடி 3, பின்னாடி 8 வெச்சேன். ஸ்ப்ரிங்கும் முன்னாடிய விட பின்னாடி கொஞ்சம் ஹார்டு. திரும்பும்போது உள்பக்க பின் சக்கரம் தரைய விட்டு எழுந்துக்குது, ரீப்ளேல பாத்தா மூணு சக்கரத்துல போவுது வண்டி, பாக்கவே கெத்தா கீது.

மூலக்கடை_அலைன்மெண்ட்
பழைய கோல்ஃப் ஜிடிஐ, பெஷோ 205 ஜிடிஐ எல்லாம் ஃபோட்டோல அப்படித் தான் ஒரு கால தூக்கிகினு இருக்கும். தூக்குனா தப்பில்ல, அந்தப் பின் சக்கரம் அப்ப ஒரு வேலையும் செய்யல, முன்னாடி ரெண்டும் தரையில ஒழுங்கா உக்காந்திருந்தா போதும்.

சந்தேகப்_பேர்வழி (வியாசர்பாடி)
எல்லாம் சரி, ஆனா ஜிடி7 ஃபிசிக்ஸ நம்பி இவ்ளோ பேசலாமா? என்ன கேட்டா அந்த கேம்ல எஃப்டபிள்யூடி வண்டி நெஜத்த விட அதிகமாவே முன்னாடி வழுக்குது. இன்னொன்னு, 2024 ஜூலைல வந்த 1.49 அப்டேட்ல சஸ்பென்ஷன், டயர் கணக்கையே மாத்திட்டாங்க, கொஞ்ச நாளு சில வண்டிங்க செட்டிங்க்ஸ் மாத்துனா துள்ளி ஆகாசத்துல பறந்துச்சி, வீடியோ எல்லாரும் பாத்திருப்பீங்க, அப்பால சரி பண்ணாங்க. அதுக்கு முன்னாடி யூட்யூப்ல போட்ட செட்டப்ப எல்லாம் இப்ப அப்படியே காப்பி அடிச்சா வேலைக்கு ஆவாது. கீழ ஒரு நாலு பேரு செட்டிங் நம்பர் கேப்பான் பாருங்க, அவங்களுக்கும் சேத்து தான் சொல்றேன், நம்பர் வாங்காதீங்க, ஏன் அந்த நம்பர்னு கேளுங்க.

நெஜ வண்டில பின்னாடி டார்ஷன் பீம் (ரெண்டு பின் சக்கரத்தையும் சேத்துப் புடிக்குற ஒரே அச்சு) தான், அலைன்மெண்ட் கடை முதலாளி சொல்லட்டும், அதுல கேம்பர் (சக்கரம் மேல கீழ சாயுற கோணம்), டோ (சக்கரத்தோட முன்பக்கம் உள்ளயோ வெளியவோ பாக்குற கோணம்) மாத்த முடியுமா? கேம்ல ஸ்லைடர இழுத்தா போதும். இது எப்படி டெஸ்ட்டு ஆவும்?

மூலக்கடை_அலைன்மெண்ட்
நெஜத்துல சும்மா ஸ்பேனர் போட்டு திருப்ப முடியாது, உண்மை தான். ஷிம் (மெல்லிசான தகடு) வெச்சி தான் பண்ணணும், அதுவும் கொஞ்சமா. முன்னாடி டோ மட்டும் டை ராடுல மாத்தலாம். தம்பி சொல்றது கரெக்டு.

ஆனா ஒன்னு. ரோட்டு வண்டில இத எல்லாம் செஞ்சு பாக்கணும்னு யாரும் நெனைக்காதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு கம்பெனி குடுத்த வண்டிய இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு சொல்லுது, அது ஒரு பக்கம். ராத்திரில மணலி ரோட்லயும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்லயும் கண்டெய்னர் லாரி வரிசையா நிக்குற எடத்துல ஸ்பீடு டெஸ்ட்டு பண்ணிகினு வர பசங்க வண்டிய நான் கடையில பாத்திருக்கேன், வண்டிய மட்டும் தான் பாக்க முடியும் சில நேரத்துல. டெஸ்ட்டு எல்லாம் டிவி முன்னாடி உக்காந்து பண்ணுங்க. 

இன்னொரு விஷயம், நம்ம பக்கத்துக்கும் ரேஸுக்கும் சம்பந்தமே இல்லன்னு நெனைக்காதீங்க. ரெட்ஹில்ஸ் தாண்டி சோழவரம் இருக்கே, அங்க ரெண்டாம் உலகப் போர் காலத்து ஏர்ஸ்ட்ரிப்ல தான் மெட்ராஸ்ல வருஷக்கணக்கா ரேஸ் நடந்துச்சி, இருங்காட்டுக்கோட்டை டிராக் 1990ல வந்தப்புறம் தான் எல்லாம் அந்தப் பக்கம் போச்சி. எங்கப்பா சைக்கிள்ல போய் பாத்துட்டு வந்த கதைய சொல்லிகினே இருப்பாரு.

வேடிக்கை_பாக்குறவன் (திருவொற்றியூர்)
அண்ணா நான் புதுசு. எனக்கு சொந்தமா பிஎஸ்5 இல்ல, தேரடி பக்கத்துல ஒரு கடையில மணி கணக்குக்கு காசு குடுத்து ஆடுறேன். பேடு தான், அதுவும் நாலு பேரு கை பட்டு ஸ்டிக்கு லூசாயிருக்கும். அங்க இருக்குற ஐடில கிரெடிட் கம்மி. எத மொதல்ல வாங்குறது? ஒரு மணி நேரத்துல என்ன டெஸ்ட்டு பண்ண முடியும்?

முன்சக்கரம்
மொத செலவு டயர் தான், ஸ்போர்ட்ஸ் ஹார்டோ மீடியமோ, உங்க ரூம் ரூல் எதுவோ அது. அப்பால எல்எஸ்டி. அப்பால சஸ்பென்ஷன். பிரேக் பேலன்ஸ் கண்ட்ரோலர் (முன்னாடி பின்னாடி பிரேக்க எவ்ளோ பிரிக்குறதுன்னு மாத்துறது) விலை கம்மி, அதையும் சேத்துக்க. வெயிட்டு குறைப்பு ஸ்டேஜ் ஒன்னு வாங்குனா அதுவும் லாபம், வெயிட்டு குறைஞ்சா பிரேக்கு திருப்பம் பிக்கப்பு மூணுக்கும் நல்லது, பவர் ஸ்ட்ரெய்ட்டுக்கு மட்டும் தான்.

ஒரு மணி நேரத்துக்கு எல்எஸ்டி மட்டும் டெஸ்ட்டு பண்ணு, வேற எதையும் தொடாத. மூணு நம்பர் இருக்கும், ஒவ்வொன்னும் 5ல இருந்து 60 வரைக்கும். அதுல நடுவுல இருக்குற ஆக்சிலரேஷன் நம்பர் தான் நமக்கு உயிரு. மொதல்ல 5 வெச்சி ஹேர்பின்ல இருந்து வெளிய வந்து பாரு, உள்பக்க சக்கரம் சுத்துற சத்தம் கேக்கும், இன்ஜின் ஆர்பிஎம் எகிறும், வண்டி நவுராது. அப்பால ஒரேடியா 60 வெய்யி. இப்ப ரெண்டு சக்கரமும் ஒன்னா கட்டுன மாதிரி சுத்தும், ஆக்ஸிலேட்டர தொட்ட ஒடனே வண்டி நேரா போவப் பாக்கும், ஸ்டியரிங் எவ்ளோ திருப்புனாலும் கேக்காது. இந்த ரெண்டு முனையையும் ஒரு தடவ கையால உணர்ந்துட்டா நடுவுல எங்க வெக்கணும்னு யாரும் சொல்லித் தர வேணாம். எனக்கு 30 கிட்ட சோக்கா இருந்துச்சி. பிரேக்கிங் நம்பர ரொம்ப கீழ வெச்சேன், அது ஏறுனா பிரேக்குல வண்டி ஆடாம நிக்கும் ஆனா உள்ள திரும்பாது.

வீல்_வேணி (பெரம்பூர்)
லேட்டா வரேன், எல்லாம் படிச்சேன். செட்டப் பத்தியே பேசுறீங்களே, காலு பத்தி ஒருத்தரும் பேசல?

நான் வீல் பெடல் வெச்சி ஓட்டுறேன். இந்த வண்டில நான் பாத்தது, டைம் போவுறது ஆக்ஸிலேட்டர்ல இல்ல, பிரேக்க எப்ப விடுறோம்ங்குறதுல. நேரா போகும்போதே பிரேக்க முழுசா அடிச்சி முழுசா விட்டுட்டு அப்பால திருப்புனா முன்பக்கம் எழுந்துக்கும், வழுக்கும், நீங்க திரும்ப இன்னும் ஸ்டியரிங்க திருப்புவீங்க, இன்னும் வழுக்கும். பிரேக்க கொஞ்சம் கொஞ்சமா விட்டுகினே உள்ள திருப்புங்க, கார்னர் நடு வரைக்கும் லேசா கால் அதுலயே இருக்கட்டும். முதலாளி சொன்ன மாதிரி பின்பக்கம் லேசா இருக்கும், தானா திரும்பும். கடைசி ரைட் கார்னர்ல பிரேக்கே நெறைய வேணாம், உள்ள போயி பாதில ஆக்ஸிலேட்டர ஒரு நொடி விட்டீங்கன்னா மூஞ்சி உள்ள வரும், ஒடனே திரும்ப அமுக்கணும், யோசிச்சா வண்டி சுத்திடும். ஐரோப்பா பக்கம் ராலி ஓட்டுனவங்க மினிய எல்லாம் இடது காலால பிரேக் தொட்டுகினே வலது காலால ஆக்ஸிலேட்டர் குடுத்து ஓட்டுனாங்க, மினி கூப்பர் 1964, 65, 67ன்னு மாண்டே கார்லோ ராலி ஜெயிச்சது. கேம்ல கிளட்ச் தொல்லை இல்லாததால இடது கால் சும்மா தானே இருக்கு, பழகிக்கோங்க.

வீல்ல இன்னொரு வசதி, முன் டயர் பிடிப்பு போச்சுன்னா கையில ஸ்டியரிங் லேசாயிடும், உடனே தெரியும். பேடு வெச்சிருக்குற தம்பி, உனக்கு அது வராது, அதனால டயர் கத்துற சத்தத்த கேளு. லேசா முனகுனா சரியான எடத்துல இருக்க. கீச்சுன்னு கத்துனா நீ ஸ்டியரிங்க அதிகமா திருப்பிட்ட, ஸ்டியரிங்க கொஞ்சம் நேராக்கி விடு, வண்டி அதிகமா திரும்பும். கேக்க லூசுத்தனமா இருக்கும், பண்ணிப் பாரு.

வேடிக்கை_பாக்குறவன்
கடையில நாலு டிவி ஒன்னா ஓடும் அக்கா, பக்கத்து டிவில ஃபுட்பால் சத்தம் தான் கேக்கும் 😂 ஹெட்ஃபோன் எடுத்துனு போறேன்

டர்போ_பையன்
சரி சரி, நான் ஒத்துக்கறதா இல்லையான்னு அப்பால சொல்றேன், ஆனா எல்லாரும் சேந்து டர்போவ திட்டுறீங்களே, ஒன்னு கேக்குறேன். தல போட்டது லோ ஆர்பிஎம் டர்போ. அதுல கீழ் ஆர்பிஎம்லயே டார்க்கு மொத்தமும் வந்து குந்திக்கும். ஹேர்பின்ல இருந்து ரெண்டாவது கியர்ல வெளிய வரும்போது தான் அது வருது, அப்ப தான் சக்கரம் சுத்துது. நான் போட்டது ஹை ஆர்பிஎம். கீழ மந்தமா இருக்கும், எல்லாரும் அத தான் குறையா சொல்றான், ஆனா வண்டி நிமிந்து ஸ்டியரிங் நேரானப்புறம் தான் பவர் வருது, அந்த நேரத்துல முன் டயருக்கு இழுக்குற வேலை மட்டும் தான். அப்ப எஃப்டபிள்யூடிக்கு லேட்டா எழுந்துக்குற டர்போ நல்லது தானே? உன் டெஸ்ட்ல நீ தப்பான டர்போவ போட்டுட்டு எல்லா டர்போவையும் தள்ளி வெச்சிட்ட.

சந்தேகப்_பேர்வழி
தம்பி பாயிண்ட்டா பேசிட்டான் பா

மூலக்கடை_அலைன்மெண்ட்
இது நியாயம் தான். டார்க்கு எவ்ளோன்றத விட எங்க வருதுன்றது முக்கியம். பெரிய கம்பெனிங்களே இதுக்காக தலைய பிச்சிக்குது. 2009ல வந்த ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ்ல முன்னாடி வீலுக்கு 300க்கு மேல பவர் குடுத்துட்டு, ஸ்டியரிங் கையில இருந்து புடுங்கிகினு போவாம இருக்க முன் சஸ்பென்ஷன் நக்கிள்ளயே (சக்கரத்த தாங்குற பாகம்) தனி டிசைன் செஞ்சாங்க. ஹோண்டா சிவிக் டைப் ஆர்லயும் அந்த மாதிரி ரெண்டு அச்சு ஸ்ட்ரட்டு, கூட ஹெலிக்கல் எல்எஸ்டி. அந்த வண்டியோட எஃப்எல்5 மாடல் ஜப்பான்ல இருக்குற சூஸுகா டிராக்ல 2 நிமிஷம் 23.120 செகண்டு ஓட்டிச்சி. பவர முன் சக்கரத்துக்கு குடுக்க முடியாதுன்னு இல்ல, அத தரையில எறக்க மத்ததெல்லாம் முன்னாடியே தயாரா இருக்கணும்.

முன்சக்கரம்
ஓட்டிப் பாத்துட்டு வரேன்னு ரெண்டு நாளு ஆளக் காணோம்னு நெனச்சிருப்பீங்க. நடுவுல கரண்டு வேற பேஜாரு பண்ணிச்சி.

ஹை ஆர்பிஎம் டர்போ போட்டேன், எல்எஸ்டி சஸ்பென்ஷன் எல்லாம் அப்படியே. மொத ஹேர்பின்ல கொஞ்சம் தூங்குது, ரெண்டாவது கியர் போட்டாலும் எழுந்துக்க மாட்டேங்குது, கடுப்பா இருந்துச்சி. ஆனா ரெண்டாவது ஹேர்பின் தாண்டி பேக் ஸ்ட்ரெய்ட்ல வர பாரு, சக்கரம் சுத்தாம அப்படியே கவ்வி இழுக்குது. லேப் டைம் 1:04க்குள்ள வந்துச்சி, லோ ஆர்பிஎம் டர்போவோட இதே செட்டப்புல 1:05 கிட்ட நின்னுச்சி. அதனால பையன் சொன்னது டர்போ எதுன்றதுல ரைட்டு. வாங்குற வரிசையில நான் சொன்னதயே சொல்லுவேன், எல்எஸ்டி இல்லாம ஸ்டாக் டிஃபரன்ஷியல்ல அதே ஹை ஆர்பிஎம் டர்போவ போட்டுப் பாத்தேன், உள்பக்க சக்கரம் பழைய கதைய தான் பாடுச்சி, கொஞ்சம் லேட்டா பாடுச்சி அவ்ளோ தான்.

இன்னொன்னு டெஸ்ட்டு பண்ணேன், பேலஸ்ட்டு. பிபி லிமிட்டுக்காக வெயிட்டு ஏத்த வேண்டி வந்தா எங்க வெக்குறதுன்னு. முன்னாடி தள்ளி வெச்சா ஹேர்பின்ல பிக்கப்பு நல்லாருக்கு, பிரேக்குல முன் டயர் செத்துடுது. பின்னாடி வெச்சா ஈஸியா திரும்புது, ஆனா பிக்கப்பு போச்சி. சுகுபால ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே டைம் தான். லாங் ரேஸ்ல டயர் தேய்மானம் ஆன் பண்ணா முன்னாடி வெயிட்டு வேணவே வேணாம், ரைட் கார்னர் அதிகமான டிராக்ல லெஃப்ட் முன் டயர் தான் மொதல்ல காலியாவும், அதுக்கு மேல பாரம் ஏத்தாதீங்க.

வீல்_வேணி
பின் டோ எவ்ளோ வெச்ச? நான் லேசா அவுட்ல வெச்சேன், சும்மா கத்தி மாதிரி திரும்புது, ஆனா கடைசி கார்னர்ல ஒவ்வொரு ரவுண்டும் உயிர் போயி உயிர் வருது.

முன்சக்கரம்
நான் ஜீரோ தான். அவுட்ல வெச்சா ஒரு ரவுண்டு ஃபாஸ்ட்டா வரும், ரேஸ்ல பக்கத்துல ஒருத்தன் லேசா இடிச்சாலும் புல்லுல தான் படுக்கணும். டைம் ட்ரையலுக்கு நீ சொல்றது ஓகே.

சந்தேகப்_பேர்வழி
அப்ப பேடுக்கு ஒரு செட்டப்பு வீலுக்கு ஒரு செட்டப்புன்னு தான் ஆவுது. பேடுல ஸ்டிக்க ஒரு தட்டு தட்டுனாலே ஸ்டியரிங் பாதிக்கு மேல திரும்பிடும், வேணி செட்டப்ப போட்டா திருவொற்றியூர் தம்பி ஒரு மணி நேரமும் ரிவர்ஸ்லயே ஓட்டுவான்.

வேடிக்கை_பாக்குறவன்
நடந்தது அது தான் அண்ணா 🙏 ஆனா எல்எஸ்டி டெஸ்ட்டு பண்ணேன், 5க்கும் 60க்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரிஞ்சுது. எனக்கு 25 தான் செட்டாவுது, 30ல ஆக்ஸிலேட்டர் குடுத்தா கொஞ்சம் நேரா போவுது. பேடு ட்ரிக்கர்ல பாதியா அமுக்க வரல, மொத்தமா தான் வருது, அதனாலயா?

வீல்_வேணி
அதே தான். மொத்தமா அமுக்குறவனுக்கு நம்பர் கொஞ்சம் கீழ இருக்குறது நல்லது. விரல் பழகப் பழக ஏத்திக்க.

டர்போ_பையன்
தல உன் செட்டப்ப அப்படியே சூஸுகாக்கு எடுத்துனு போனேன். எஸ் கர்வு எல்லாம் செம்மையா போச்சி, டெக்னர் கார்னர் ஓகே, ஸ்பூன் கார்னர் ஓகே, 130ஆர்ன்னு ஒரு ஸ்பீடு கார்னர்ல லேசா ஆக்ஸிலேட்டர விட்டேன், பின்னாடி வந்து முன்னாடி நின்னுச்சி, நேரா செவுரு. 5.8 கிலோமீட்டர் டிராக்ல கடைசில போயி இப்படி ஆனா எவ்ளோ காண்டாவும்

முன்சக்கரம்
சுகுபால கடைசி கார்னர விட்டா ஸ்பீடு கார்னரே இல்ல, அதுக்காக பின்னாடி அவ்ளோ டைட்டா வெச்சது. சூஸுகாக்கு பின் ஆன்டி ரோல் பார 8ல இருந்து 5க்கு எறக்கு, பின் டோ கொஞ்சம் இன்ல வெய்யி, பிரேக் பேலன்ஸ பின்னாடி தள்ளி வெச்சிருந்தா நடுவுக்கு கொண்டு வா. இதுல ஒன்னு ஒன்னா மாத்து, மூணையும் ஒரேடியா மாத்தாத, அப்பால எது வேலை செஞ்சதுன்னே தெரியாது.

மூலக்கடை_அலைன்மெண்ட்
130ஆர் உள்ள போனப்புறம் ஆக்ஸிலேட்டர விடாத தம்பி. விடணும்னா திரும்புறதுக்கு முன்னாடி விடு.

டர்போ_பையன்
ஆன்டி ரோல் பார் 5, டோ இன்னும் தொடல. சுத்தல. ஆனா எஸ் கர்வுல இப்ப கொஞ்சம் முன்னாடி தள்ளுது. 6 வெச்சிப் பாக்குறேன்